விதையிலிருந்து வளர்த்தது

நவம்பரில் எல்லோரும் பால்கனித் தொட்டிகளைக்
குப்பைக்குக் கொண்டுபோகிறார்கள்.
எதிர்வீட்டு ஹவ்ராங்கோவா தன் ஜெரேனியங்களை
முடியைப் பிடித்து இழுப்பதுபோல் பிடுங்குகிறாள்.
என் பால்கனியில் அப்போதுதான்
முதல் குவளைத் தண்ணீர்.

ப்ர்னோ நகரம், ஆறாவது மாடி,
கண்ணாடி அடைத்த மூன்றடி அகலம், எட்டு டிகிரி.
ராடோவான் கதவைச் சாத்துகிறார்.
நான் திறக்கிறேன்.
இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில்
தீராத வழக்கு
இந்த நான்கு விரற்கடைக் காற்று.

ஒன்றின் இலை, பென்சில் சீவிய சுருள்.
ஒன்று இரண்டே இலைகளைத் தரையோடு அப்பி
மேசையில் உள்ளங்கை ஊன்றி
எழப்போகிறவர்போல் எழாமலே இருக்கிறது.
கூதிரில் துளிர்த்துக்
கோடையில் செத்ததுபோல் கிடக்கும் சாதி.
மே முதல் ஆகஸ்ட் வரை
ஊற்றாதிருப்பதுதான் வேலை.
ஊற்றத் தெரிந்தவர்கள் ஊரெல்லாம் உண்டு.

பெரியதை வாங்கியது
பள்ளிக்கூட உடற்பயிற்சி அறையில்,
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே போட்ட மேசையில்.
இரண்டு கை சேர்த்தால் அடங்கும் கிழங்கு.
பழைய கணக்குப் புத்தகத்தின் ஓரம்போல்
அடுக்கடுக்காய்க் காய்ந்த தோல்.
"விதையிலிருந்து வளர்த்தது" என்றான் விற்றவன்.
இந்தப் பருமனுக்கு முப்பது வருடம் பிடிக்கும்.
அவனுக்கு இருபத்தைந்து இருக்கலாம்.
கழித்தல் எனக்குத் தெரியும்.
ஆனாலும் பணப்பையைத் திறந்தேன்.
நாலாயிரத்து இருநூறு கொருனா.
கையுறையைக் கழற்றாமல் எண்ணினான்.

பல் செய்வது என் தொழில்.
பீங்கானில் பன்னிரண்டு வெள்ளை வைத்திருக்கிறேன்,
புகை பிடிப்பவருக்கு ஒன்று, மணப்பெண்ணுக்கு ஒன்று.
அன்றிரவு வேலைக் கொக்கியால் தோலை நெம்பித்
துடைத்துக்கொண்டிருந்தபோது
ஏழாவது மடிப்பில் ஏதோ நெருடியது.
கடுகைவிடப் பெரிது, அரிசியைவிடச் சிறிது.
கல்.
என் பன்னிரண்டிலும் இல்லாத வெள்ளை.

தொட்டி மண் ஏழு மடிப்பு உள்ளே போகாது.
நமக்வாலாந்தின் வெண்கல் பரப்பில்
ஏதோ ஒரு மழை செருகியது.
அதன்மேல் தோல் வளர்ந்து, தோல் வளர்ந்து,
பிறகு ஒரு கடப்பாரை.
அங்கே இப்போது ஒரு குழி இருக்கும்.
என் தொட்டியின் அளவு.

முதல் வருடம் அது ஜூனில் துளிர்த்தது.
ஊரே ஏரியில் கிடக்க
அதற்கு மட்டும் குளிர்காலம்,
பூமியின் கீழ்ப்பாதி நாள்காட்டியை
வயிற்றுக்குள் கட்டிக்கொண்டு.
பட்டினி போட்டேன்.
இதற்கு எங்கள் வட்டத்தில் 'திருப்புதல்' என்று பெயர்.
மூன்றாம் அக்டோபரில்
எங்கள் மாதத்துக்கு விழித்தது.
ராடோவான் கைதட்டினார்.
நான் தட்டவில்லை.

திருப்பி அனுப்பலாமா என்று எழுதிக் கேட்டேன்.
மக்ரீட்டா க்ளூட்டே என்பவர் அங்கிருந்து
மரியாதையாகப் பதில் போட்டார்:
எந்தக் குன்று என்று தெரியாததை
எந்தக் குன்றில் நடுவது?
பிடிபட்ட பெட்டிகளுக்கே கொட்டகையில் இடமில்லை.
கடைசி வரியில், தண்ணீர் அதிகம் ஊற்றாதீர்கள்.

மற்றத் தொட்டிகளின் சீட்டில்
பெயர், எண், ஊர்.
இதில் பென்சிலால் ஒரே சொல்: தோண்டியது.
சங்கத்து ஆட்கள் வருகிறார்கள்.
விசிறி இலையைப் பார்க்கிறார்கள்.
சீட்டைப் பார்க்கிறார்கள்.
காபியில் சர்க்கரை வேண்டாம் என்கிறார்கள்.

போன வருடம் பூத்தது.
லைப்சிக்கிலிருந்து ஒருவர்
மாத்திரைக் கூட்டுக்குள் மகரந்தம் அனுப்பினார்.
ஒன்பது விதை. முளைத்தவை ஐந்து.
பல்லிடுக்கில் மாட்டிய கீரை நாரைவிட மெலிசு.

எனக்கு ஐம்பத்தெட்டு.
அந்தப் பையன் சொன்ன பொய் உண்மையாக
எண்பத்தெட்டு வரை இருந்தாக வேண்டும்.

கல், வேலைமேசை இழுப்பறையில்
யாரும் வாங்க வராத முன்பற்களோடு.
வெளியே பனி.
கதவை நான்கு விரற்கடை திறக்கிறேன்.
ராடோவான் எழுகிறார்,
சாத்தத்தான் என்று நினைத்தேன்.
ஸ்வெட்டர் எடுக்கப் போகிறார்.